இரண்டாவது மாடியிலிருந்து கச்சேரி

ஏகநாதன் மேடையிலிருந்து விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரும்புலியூரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் அவர் குடித்துவிட்டு விழுந்ததாகச் சொல்கிறார்கள். வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். மனிதர் டீயைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. பட்டப்பகலில், மூன்று மணி வெயிலில், டெம்போவிலிருந்து ஸ்பீக்கர் பெட்டியை இறக்கும்போது கால் வழுக்கி விழுந்தார். பெட்டியும் கூடவே விழுந்தது, அவர் மேலேயே. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவ்வளவுதான் நடந்தது. விழுந்த மனிதர் முதலில் கேட்டது, "பெட்டிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றுதான்.

நாற்பத்திரண்டு வயது. மேற்குத் தாம்பரத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்டரில் நிற்பது பிழைப்பு. சனி, ஞாயிறு, திருவிழா, கல்யாணம் என்று வந்துவிட்டால் 'சுருதிமாலை இன்னிசைக் குழு'வில் பேடு வாசிப்பார். பேடு என்றால் சதுரமாக ஒரு பலகை, அதில் எட்டு ரப்பர்க் கட்டங்கள். குச்சியால் ஒன்றைத் தட்டினால் தவில், பக்கத்துக் கட்டத்தைத் தட்டினால் டிரம்ஸ், அதற்கடுத்ததில் உறுமி. நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒரே ஆள் செய்துவிடலாம். பேடு குழுவின் சொத்து. இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று பேடு மாறியிருக்கிறது, வாசிக்கிற ஆள் மாறவில்லை.

அவருக்கு யாரும் தாளம் சொல்லிக் கொடுத்ததில்லை. பாலிடெக்னிக் படிக்கிற காலத்தில் தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் ஒரு கூட்டமே உண்டு. ஒருவன் பாடுவான், நாலு பேர் பெட்டியின் தகரத்தைத் தட்டுவார்கள், மற்ற பயணிகள் திட்டுவார்கள். ஒருநாள் திட்டிக்கொண்டே எழுந்து வந்தவர்தான் ஜெயவேலு. அப்போதுதான் குழு ஆரம்பித்திருந்தார். கிட்டே வந்தவர் திட்டை நிறுத்திவிட்டு, "தம்பி, ஞாயித்துக்கெழம ஃப்ரீயா?" என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை என்று ஏகநாதன் சொல்வதுண்டு.

ஏகநாதனின் வாசிப்பில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. வேகமாக உருட்டுகிறவர்கள் தாம்பரத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பாடுகிறவர்களுக்கு அவரைப் பிடிக்கும். பாடுகிறவர் மூச்சு வாங்கினால் இவர் கை ஒரு இம்மி நிற்கும். அவர் உருகி இழுத்தால் இவரும் இழுப்பார். குழுவின் மூத்த பாடகி சரசு அக்காவுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் அப்படி நின்று நின்று வாசித்தவர். சரசு அக்கா முடிச்சூர்க்காரர், சத்துணவு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஐம்பத்தொன்பது வயது. அம்மன் பாட்டை அவர் எடுத்தால் மைக்கே தேவையில்லை என்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஏகநாதனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தார்கள். ஒரு வருஷத்துக்குப் படி இறங்கக் கூடாது, வண்டியில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாம் மாதத்திலிருந்து நாற்காலியில் உட்கார முடிந்தது. மனைவி திரிபுரசுந்தரி ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டால், பகல் முழுக்க அவரும் ஜன்னலும்தான்.

ஜெயவேலு பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். வெகுநேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏகா, நீ நல்லா ரெஸ்ட் எடு. வர்ற கச்சேரிக்கெல்லாம் டிராக் போட்டு ஓட்டிக்கறேன்" என்றார்.

டிராக் என்றால் முன்கூட்டியே பதிவு செய்து வைத்த தாளம். லேப்டாப்பில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், பாட்டு முடிகிறவரை அதுபாட்டுக்கு ஓடும். ஏகநாதன் கண் முன்னாலேயே குழுவில் புல்லாங்குழல்காரர் இப்படித்தான் போனார். மஞ்சள் காமாலை என்று இரண்டு மாதம் படுத்தார், அவர் இடத்தில் டிராக் வந்தது, உடம்பு தேறித் திரும்பி வந்தபோது மேடையில் அவருக்கு நாற்காலி இல்லை. யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆடி மாசம் முழுக்க டிராக்கில் ஓடிவிட்டால் தன் கதையும் அதுதான் என்று ஏகநாதனுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்குச் சுந்தரி வேலையிலிருந்து வந்தபோது, ஜெயவேலு வாங்கி வந்த ஆப்பிள் ஒன்றைக்கூட அவர் தொட்டிருக்கவில்லை.

வழி கண்டுபிடித்தவன் ஜெரோம். குழுவில் கிட்டார் அவன்தான். பகலில் சேலையூர்ப் பக்கம் இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் ஃபைபர் லைன் இழுக்கிற வேலை.

"அண்ணா, நீங்க இங்கேர்ந்தே வாசிங்க. லைனை நான் பாத்துக்கறேன்" என்றான்.

"போன்லயா? இன்னா, கிண்டல் பண்றியா?"

"போன்ல இல்லண்ணா. அதுல பண்ணா கெணத்துக்குள்ளேர்ந்து வாசிக்கற மாதிரி கேக்கும். இதுக்குன்னே சாஃப்ட்வேர் கீது. ஃபாரின்ல ஆளுக்கு ஒரு ஊர்ல ஒக்காந்துகினு ஒண்ணா கச்சேரி பண்றாங்க. வைஃபை மட்டும் ஆவாது, ஒயர்லதான் போணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து, ஹாலிலிருந்த இன்டர்நெட் பெட்டியிலிருந்து சமையலறை வழியாகப் படுக்கையறைக்கு மஞ்சள் ஒயர் ஒன்றை இழுத்தான். கையோடு கொண்டு வந்திருந்த பேடை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, அதைத் தன் பழைய லேப்டாப்பில் செருகினான். சுந்தரிக்கு அந்த ஒயரில் இரண்டு தடவை கால் மாட்டியது. "ஒருத்தர் கால ஒடச்சிகினு கெடக்கறது போதாதா?" என்றாள். ஆனால் மறுநாள் தானே செல்லோ டேப் வாங்கி வந்து ஒயரைச் சுவரோரமாக ஒட்டினாள்.

முதல் ஒத்திகை. குழு மொத்தமும் சேலையூரில் ஜெயவேலு வீட்டு ஹாலில். ஏகநாதன் இரும்புலியூரில், காதில் மைக் வைத்த ஹெட்போனோடு. நாலு தட்டுத் தட்டி ஆரம்பித்தார். சரசு அக்காவின் குரல் காதுக்குள் கணீரென்று கேட்டது. இரண்டரை மாதத்துக்குப் பிறகு கேட்கிறார். பல்லவி ஜோராகப் போயிற்று. முதல் சரணத்தில் என்னவோ இழுத்தது. இரண்டாவது சரணத்தில் பாட்டு சேற்றில் நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. முடிக்கும்போது குத்துப்பாட்டு தாலாட்டாகிவிட்டிருந்தது.

"இன்னாடா ஏகா, கால்ல அடிபட்டா கை ஏன் நொண்டுது?" என்றார் ஜெயவேலு.

"நானா? அக்காதான் இழுக்கறாங்க."

"நான் இழுக்கறனா? நீ இழுக்கற, நான் ஒனக்கோசரம் நின்னு நின்னு பாடறேன்" என்றார் சரசு அக்கா.

ஜெரோம் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு நிதானமாக விளக்கினான். "ஒரு செகண்டை நாப்பது துண்டா வெட்டுங்க. உங்க அடி இங்க வர்றதுக்கு ஒரு துண்டு டைம் ஆவுது. அக்கா பாட்டு திரும்பி உங்ககிட்ட வர்றதுக்கு இன்னொரு துண்டு. அப்ப உங்க காதுக்கு அக்கா எப்பவும் லேட். ஐயோ, அக்கா பின்னாடி வர்றாங்களேன்னு நீங்க நிக்கறீங்க. நீங்க நிக்கறீங்கன்னு அக்கா நிக்கறாங்க. ரெண்டு பேரும் பஸ் படிக்கட்டுல நின்னுகினு 'நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க'ன்னா பஸ்ஸு போய்டும்ணா."

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் மரியாதை பாக்கக் கூடாது. தாளம் உங்க கைல, அதனால அது நீங்கதான். அக்கா லேட்டா கேட்டாலும் நிக்காம போய்க்கினே இருக்கணும்."

சரி என்று ஒப்புக்கொண்டார். எட்டுத் தடவை முயன்றார். எட்டுத் தடவையும் சரணத்தில் சரசு அக்கா மூச்சு வாங்கும் இடத்தில் கை தானாக நின்றது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், சொன்னால் கேட்குமா? கடைசியில் ஜெரோம் ஒரு பட்டனை அமுக்கி, மேடையிலிருந்து அவருக்குப் போகிற சத்தத்தையே அடைத்துவிட்டான். இனி ஏகநாதனுக்குக் கேட்பது தன் பேடின் சத்தம் மட்டும். எந்தப் பாட்டு என்று போனில் நம்பர் வரும். நாலு தட்டுத் தட்டி ஆரம்பிக்க வேண்டும். பல்லவி எத்தனை சுற்று, இடையிசை எத்தனை, சரணம் எத்தனை என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு எண்ணி எண்ணி வாசித்து நிறுத்த வேண்டும். அங்கே எல்லோரும் அவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

வேலை செய்தது. ஊரப்பாக்கத்தில் ஒரு காதுகுத்து, பெருங்களத்தூரில் ஒரு வளைகாப்பு, சிக்கலில்லாமல் முடிந்தன. ஜெயவேலுவே போன் பண்ணி, "சூப்பர்டா, பக்கத்துல ஒக்காந்து வாசிச்ச மாதிரியே கீது" என்றார்.

ஏகநாதனுக்குத்தான் எதுவும் ஒட்டவில்லை. இரண்டு மணி நேரம் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து ரப்பரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பாட்டு இல்லை, கைதட்டல் இல்லை, பின்னாலிருந்து ஜெரோம் அடிக்கும் கமென்ட் இல்லை. "சுந்தரி, கச்சேரிக்குப் போய்ட்டு வந்த மாதிரியே இல்ல. கணக்குப் பரீச்சை எழுதின மாதிரி கீது" என்றார். ஆனாலும் வாய்விட்டுக் குறை சொல்லவில்லை. இடம் இருக்கிறதே, அது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆடி மூன்றாம் வெள்ளி. சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் அம்மன் கோவில் திருவிழா. வருஷா வருஷம் சுருதிமாலைதான். ஜெரோம் மத்தியானமே போய், கோவில் அலுவலகத்துக்கு வந்திருந்த இன்டர்நெட் லைனிலிருந்து மேடைக்கு ஒயர் இழுத்துவிட்டான். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பம். மேடையில் எல்லோரும் இருந்தார்கள், பேடு வைக்கிற இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. ஊர்க்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தாளம் வருகிறது, போதாதா?

ஏழாவதாகக் குத்துப்பாட்டு. கூட்டம் கேட்டு வாங்கிய பாட்டு. ஏகநாதன் நம்பரைப் பார்த்தார், நாலு தட்டுத் தட்டினார், ஆரம்பித்தார். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பேடு மட்டும் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. அதில் அவருக்குக் கை கொஞ்சம் சூடு பிடித்தது. உறுமியைக் கலந்தார், தவிலை உருட்டினார். பல நாளைக்குப் பிறகு உற்சாகம் வந்து கண்ணை மூடிக்கொண்டு விளாசினார்.

அங்கே கோவில் வாசலில் அம்மன் புறப்பாடு கிளம்பிவிட்டது. அரை மணி நேரம் கழித்துக் கிளம்ப வேண்டிய அம்மன், பூசாரி அவசரப்பட்டதால் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். சாமி தெருவுக்கு வந்துவிட்டால் மேடையில் மூச்சு விடக் கூடாது. அது எழுதாத சட்டம். சரசு அக்கா பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கைகூப்பினார். கீபோர்டு நின்றது, கிட்டார் நின்றது. ஜெரோம், சவுண்டைப் பார்த்துக்கொள்கிற மிக்ஸர்காரர், ஜெயவேலு உட்பட எல்லோரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிக் கற்பூரத் தட்டை நோக்கி ஓடினார்கள். லேப்டாப்பை யாரும் நினைக்கவில்லை.

இரண்டு ஆள் உயர ஸ்பீக்கர்களில் ஏகநாதனின் குத்து மட்டும் ஊரே அதிர ஓடிக்கொண்டிருந்தது.

ஆள் இல்லாத மேடையில் தாளம். முதலில் கூட்டம் திகைத்தது. "யார்றா அது வாசிக்கறது?" என்று கமிட்டித் தலைவர் கத்தினார். மேடையில் யாருமில்லை. ஒரு கிழவிக்கு அந்த உறுமிச் சத்தத்தில் சாமி வந்துவிட்டது. தலைவிரி கோலமாக ஆட ஆரம்பித்தாள். பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணுக்கும் வந்தது. கோபப்படுவதா கைகூப்புவதா என்று தெரியாமல் கமிட்டித் தலைவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். ஜெரோம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வரப் பார்க்கிறான், முடியவில்லை.

இரும்புலியூரில் சுந்தரி ஹாலில் உட்கார்ந்து போனில் திருவிழா லைவ் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பையன் எவனோ எடுத்துப் போடுகிற லைவ், அது இருபது செகண்ட் தாமதமாகத்தான் வரும். அம்மன் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த நொடி பின்னணியில் கேட்கிற தாளமும் படுக்கையறையில் கேட்கிற தட்டலும் ஒரே ஆளுடையது என்று உறைத்தது. "ஐயோ, நிறுத்துய்யா! சாமி வந்துடுச்சு!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். ஏகநாதன் ஹெட்போனோடு கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். குச்சியைப் பிடுங்கின பிறகுதான் கண் திறந்தார்.

மொத்தம் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

ஜெயவேலு அந்த ஊரில் மன்னிப்புக் கேட்காத ஆள் பாக்கியில்லை. அடுத்த வருஷத்துக்கு வேறு குழுவைப் பார்த்துக்கொள்வதாகக் கமிட்டி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. போனில் ஏகநாதன், "அண்ணா, தெர்லண்ணா, எனக்கு எதுவும் கேக்கல" என்றார். "தெரியும்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெயவேலு வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏகநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். சுந்தரி பார்த்தும் பார்க்காத மாதிரி விளக்கை அணைத்தாள்.

அடுத்த வாரம் வண்டலூரில் ஒரு பிறந்தநாள் விழா. ஏகநாதனுக்கு நம்பர் எதுவும் வரவில்லை. டிராக் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டார். அதற்கு மூன்றாம் நாள் காலையில் ஜெயவேலு போன் பண்ணி, "வூட்லதான கீற? வர்றோம். பேடை எடுத்துக்கறோம்" என்றார். காரணம் சொல்லவில்லை, ஏகநாதனும் கேட்கவில்லை. பேடை ஈரத்துணியால் துடைத்தார். ஒவ்வொரு ரப்பர்க் கட்டத்தையும் துடைத்தார். உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக் கட்டிலின் மேல் வைத்தார்.

ஜெயவேலுவும் ஜெரோமும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, ஏகநாதன் எதிர்பாராத சரசு அக்காவும் வந்தார். சுந்தரி தண்ணீர் கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு, உறையில் கிடந்த பேடைப் பார்த்தார்.

"வேலு, அது இங்கியே இருக்கட்டும்" என்றார் சரசு அக்கா.

"அக்கா, வழியெல்லாம் பேசியாச்சு. எனக்கும் ஆசையா? ஆள் இல்லாத தாளத்துக்கு டிராக்கே தேவலாம். அவனுக்கும் காது கேக்கல, அதுக்கும் கேக்கல. டிராக்காவது வெறும் பட்டன், சொன்னா நிக்கும்."

"வண்டலூர்ல நின்னுச்சா?"

வண்டலூரில் நடந்தது இதுதான். சரசு அக்கா போனில் வரிகளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். முதல் சரணம் ஆரம்பிக்கிற நேரத்தில் யாரோ போனில் கூப்பிட, வரிகள் மறைந்துபோய்த் திரையில் பச்சையும் சிவப்பும் வந்துவிட்டன. அக்கா வாயைத் திறந்துகொண்டு நின்றார். டிராக் நிற்கவில்லை. சரணம் முழுக்க வெறும் தாளமாக ஓடி முடிந்தது. பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"அது போன் பண்ண கூத்து, விடுக்கா" என்றார் ஜெயவேலு. "யாருக்கு வேணா நடக்கும்."

"நடக்காதுடா. இவன் விழுந்ததுலேர்ந்து நான் இன்னாத்துக்குப் போனைப் பாத்துப் பாடறேன்? இருபது வருஷமா பாடற பாட்டு." சரசு அக்கா தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு மறக்குது வேலு. ஏழு வருஷமா மறக்குது. பல்லவி வந்துரும். சரணத்துக்கு மொத வார்த்த வராது. மொத வார்த்த மட்டும் யாராவது குடுத்துட்டா மீதி தானா வந்துரும். இவன்தான் குடுப்பான். பின்னால ஒக்காந்து வாசிச்சிகினே, இடையிசை முடியறப்போ எனக்கு மட்டும் கேக்கறாப்ல சொல்வான். ஒவ்வொரு சரணத்துக்கும். ஏழு வருஷமா."

கீழே தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

முதல் தடவை கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணத்தில் நடந்தது. அக்கா சட்டென்று நின்றதை ஏகநாதன் முதுகைப் பார்த்தே புரிந்துகொண்டு முன்னால் சாய்ந்து ஒரு வார்த்தையைச் சொன்னார். கச்சேரி முடிந்து டெம்போவில் திரும்பும்போது இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்புறமும் பேசவில்லை. ஏகநாதன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

"நீயாவது சொல்லிருக்கலாம்ல?" ஜெயவேலு ஏகநாதனைக் கேட்டார்.

"இன்னா சொல்றது? பாட்டு நல்லாதான போய்கினு இருந்துச்சு."

"அக்கா, நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா வெச்சிகினு இருப்பியா?" என்றார் சரசு அக்கா. "நம்ம குழுவுலயே கோமதி கீறா, இன்னொருத்தி கீறா, ரெண்டு பேரும் சின்னப் பொண்ணுங்க, மனப்பாடமா பாடுவாங்க. நீ நல்லவன்தான். அழகா எனக்கும் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிருப்ப. இப்பக் கூட சொல்லு. ஆனா இவன் பேடைத் தூக்கிகினு போனா நான் வர்ல. அத்த நானே சொல்லிட்டுப் போலாம்னுதான் மாடி ஏறி வந்தேன்."

ஏகநாதனால் தலை நிமிர முடியவில்லை. அவர் இடத்துக்காக இந்த அம்மாள் தன் இடத்தையே தூக்கிக் கட்டிலின் மேல், பேடுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பாடகிக்கு மறக்கிறது என்று ஒரு தடவை வெளியே தெரிந்தால் போதும், இந்த வட்டாரத்தில் எந்த மேடைக்கும் கூப்பிட மாட்டார்கள். அது ஜெயவேலுவுக்கும் தெரியும். அவர் நெடுநேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்லாங்குழல்காரரை நினைத்தாரோ என்னவோ.

"ஜெரோமு," என்றார் கடைசியில், "அம்மன் வந்தா இவனுக்கு எப்பிடித் தெரியும்? அத்தச் சொல்லு மொதல்ல."

ஜெரோமுக்கு அதற்கு முன்பே யோசனை ஓடியிருந்தது. பாட்டுதான் தாமதமாகக் கேட்கக் கூடாது. பேச்சு தாமதமாகக் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு துண்டு பிந்தி வந்தாலும் 'நிறுத்து' என்றால் நிறுத்துதான். சரசு அக்காவின் காலடியில் ஒரு சின்னப் பட்டன். காலால் அதை அமுக்கிக்கொண்டு பேசினால் மட்டும் அவர் குரல் இரும்புலியூரில் கேட்கும். காலை எடுத்தால் அடைந்துவிடும். அக்காவின் காதில் ஒரு சின்ன இயர்போன், அதில் ஏகநாதன் குரல் மட்டும். இப்படிச் செய்தால் அவர் வாசித்துக்கொண்டே முதல் வார்த்தையும் கொடுக்கலாம், யாருக்கும் தெரியாது.

"யாருக்கும்னா யாருக்கும்" என்றார் ஜெயவேலு, ஜெரோமையும் சுந்தரியையும் பார்த்து. பிறகு அவரே குனிந்து உறையின் ஜிப்பைத் திறந்து பேடை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினார். அவருக்கு மாட்டத் தெரியவில்லை, கோணலாக நின்றது. ஏகநாதன் அப்புறம் சரிசெய்துகொண்டார்.

பிள்ளையார் சதுர்த்திக்கு ஊரப்பாக்கத்தில் தெருமுனைக் கச்சேரி. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆரம்பித்தது. ஏகநாதன் எண்ணி எண்ணி வாசித்தார். இடையிசையின் கடைசிச் சுற்றில் முதல் வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார். நடுநடுவே காதில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அக்கா பேசுவார். "பல்லவி இன்னொரு வாட்டி போறேன், ஒன்ஸ் மோர் கேக்கறாங்க." 'டக்'. "கொழுக்கட்டை குடுக்கறாங்க, நம்ம ஆளுங்க ஒருத்தனும் மேடைல இல்ல, நீ வாசி." 'டக்'. "ஜெரோமு ஸ்ட்ரிங் அறுத்துட்டான். பேஜார்." ஒவ்வொரு தடவையும் ஏகநாதன் சிரித்தார். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த சுந்தரி, இந்த ஆள் தனியாகச் சிரிக்கிறாரே என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

கடைசிப் பாட்டு அம்மன் பாட்டு. நாலு தட்டினார். பல்லவி போய்க்கொண்டிருந்தபோது 'டக்' என்று கேட்டது. அக்கா ஏதோ சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டினார். பேச்சு வரவில்லை. பாட்டு வந்தது.

சரசு அக்காவின் குரல், அதற்குப் பின்னால் கீபோர்டு, ஒரு கம்பி குறைந்த கிட்டார், கூட்டத்தின் கைதட்டல், எங்கோ வெடிக்கிற வெடி, எல்லாம் ஒரு துண்டு தாமதமாக, மொத்தமாகக் காதுக்குள் கொட்டியது. நாலு மாதமாகக் கேட்காத மேடைச் சத்தம். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் குச்சி. அக்கா பின்னால் வருகிறார், நில், நில் என்று கை கெஞ்சியது. அவர் நிற்கவில்லை. சரணத்துக்கு முன்னால் அக்கா மூச்சு வாங்குவது காதில் தெளிவாகக் கேட்டது. அப்போதும் நிற்கவில்லை. முதல் வார்த்தையைச் சொன்னார், தாளத்தை விட்டுக்கொடுக்காமல் போய்க்கொண்டே இருந்தார். அக்கா வந்து சேர்ந்துகொண்டார். பாட்டு ஒரு இம்மிகூட இழுக்காமல், ஆரம்பித்த வேகத்திலேயே முடிந்தது.

கைதட்டல் அடங்குகிற வரை அந்தப் பட்டன் அமுங்கியே இருந்தது.

"அக்கா," என்றார் ஏகநாதன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கால எடுக்க மறந்துட்டியா?"

"மறக்கறதுக்கு எனக்குப் பாட்டு கீதுடா" என்றார் சரசு அக்கா. "கால ஏன் மறக்கறேன்?"